சைட் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மின்னஞ்சலும் கணக்கு மென்பொருளும் உலகின் பல பகுதிகளில் ஒரே சமயத்தில் திறக்க மறுத்தன. சர்வர்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் 'ஜோஹோ டாட் காம்' என்ற பெயரைப் பதிவுசெய்து கொடுத்திருந்த டியெராநெட் என்ற அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரையே முடக்கிவிட்டிருந்தது. ஜோஹோ முகவரிகளிலிருந்து மோசடி மடல்கள் வருவதாகப் புகார்கள் வந்தன என்பது காரணம். ஜோஹோ சொன்ன கணக்குப்படி அவை மொத்தம் மூன்று புகார்கள். இரண்டின் மேல் ஏற்கெனவே நடவடிக்கை எடுத்தாகிவிட்டது. மூன்றாவது விசாரணையில் இருந்தது.

மூன்று கோடிப் பயனாளர்களுக்கு மேல் வைத்திருந்த நிறுவனம் அது. அப்போது அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்ரீதர் வேம்பு, ட்விட்டரில் எல்லோரும் பார்க்க உதவி கேட்டார். பெயர் திரும்பக் கிடைத்த பிறகும், அந்தச் செய்தி உலகெங்கும் உள்ள இணைய நிறுவனங்களின் சர்வர்களுக்குப் பரவ நேரம் பிடித்தது. அதுவரை, தளத்தின் பெயரை சர்வர் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவைக்கு வேறு முகவரியைப் பயன்படுத்தி உள்ளே வாருங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலையெழுத்தை இன்னொருவருடைய தானியங்கி நிரல் எழுத இனி விடமாட்டோம், நாங்களே டொமைன் பதிவாளராகப் போகிறோம் என்று ஜோஹோ பிறகு அறிவித்தது.

அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே சரியான ஆளைப் பிடிப்பது பாடாக இருந்தது என்றால், மாதம் சில நூறு ரூபாய் கட்டி சைட் நடத்தும் ஜவுளிக்கடைக்காரருக்கும் டியூஷன் சென்டருக்கும் என்ன கதி? ஹோஸ்டிங் வாங்கும்போது விளம்பரத்தில் கண்ணில் படுவது ஜிபி கணக்கும் தள்ளுபடியும். நிஜமாகக் காசு கொடுத்து வாங்குவதோ, நள்ளிரவில் சைட் படுத்துவிட்டால் மறுமுனையில் பதில் சொல்ல ஒரு மனிதர் இருப்பார் என்ற உறுதியை. அந்த உறுதிக்கு என்ன மதிப்பு என்பது படுத்த பிறகுதான் தெரிகிறது.

முதலில் சரக்கு என்னவென்று பார்த்துவிடலாம். இணையதளம் வைத்திருப்பவர் இரண்டு விஷயங்களுக்குக் காசு கட்டுகிறார். ஒன்று பெயர், அதாவது டொமைன். இன்னொன்று, பக்கங்களும் படங்களும் ஆர்டர் பட்டியலும் இருக்கும் சர்வரில் ஓர் இடம். சிறு கடைகள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் வாங்குகின்றன. விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான தளங்கள் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரே போர்வெல்லை நம்பியிருக்கும் அபார்ட்மென்ட் மாதிரிதான் இதுவும்: ஒரு வீட்டில் இரவு முழுக்க மோட்டார் ஓடினால் மற்ற வீட்டுக் குழாய்களில் காற்றுதான் வரும். அதைத் தடுக்க நிறுவனங்கள் ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஒப்பந்தத்தைப் புரட்டினால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு, பிராசஸருக்கு ஒரு வரம்பு, நினைவகத்துக்கு ஒரு வரம்பு என்று வரிசையாக வரும். வரம்பைத் தாண்டினால் வாடிக்கையாளரின் திரையில் 508 என்ற எண்ணோடு ஒரு பிழைச்செய்தி நிற்கும். கூட்டம் வந்த நாளில்தான் வரம்பு தாண்டும். வியாபாரம் நடக்க வேண்டிய நாளும் அதுவே.

அப்போது உரிமையாளர் சாட் பெட்டியைத் திறக்கிறார். மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் முதல் நிலை ஊழியர். ஒரே நேரத்தில் பல பேரோடு பேசிக்கொண்டிருப்பார். அவர் கையில் தயார் பதில்கள் இருக்கும்; சர்வரின் உள்ளே கைவைக்கும் அதிகாரம் இருக்காது. கேஷைக் காலி செய்யுங்கள், பிளகின்களை நிறுத்திப் பாருங்கள், வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள் என்று அவர் சொல்வது அலட்சியத்தால் அல்ல. அவர் செய்யக்கூடியது அவ்வளவுதான். உண்மையில் சரிசெய்யக்கூடியவர்கள் இரண்டாம், மூன்றாம் நிலையில் இருக்கிறார்கள். புகாருக்கான டிக்கெட் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஷிஃப்ட் மாறும், புதிய ஊழியர் வருவார், கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பார். 'ஐந்து நிமிடத்தில் பதில்' என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்வது முதல் பதில் வரும் நேரத்தை. பிரச்சினை தீர எவ்வளவு நேரமாகும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. வாடிக்கையாளர்களின் கோபத்தில் பாதி இந்த இடைவெளியில் பிறப்பதுதான்.

இந்த அமைப்பு எவ்வளவு மோசமாகத் தவறலாம் என்பதற்கு 2019 மே மாத இறுதியில் நடந்த ஒரு சம்பவம் நல்ல உதாரணம். டிஜிட்டல் ஓஷன் என்ற அமெரிக்க கிளவுட் நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தது ரெய்ஸப் என்ற இரண்டு பேர் கம்பெனி. சில மாதங்களுக்கு ஒருமுறை பெரிய தரவுத் தொகுப்பை அலசுவதற்காக, அவர்களுடைய நிரல் பத்து தற்காலிக சர்வர்களை எழுப்பும். நிறுவனத்தின் தானியங்கிக் கண்காணிப்புக்கு அது யாரோ திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டுவதைப் போலத் தெரிந்தது. கணக்கு பூட்டப்பட்டது. முறையிட்டதும் திறந்தார்கள். வேலையை முடிக்க நிரல் மறுபடி ஓடியது, மறுபடி பூட்டு. இந்த முறை, கணக்கைத் திறப்பதற்கில்லை என்ற முடிவோடு பேச்சு முடித்துவைக்கப்பட்டது. அவர்களுடைய டேட்டாபேஸ் பேக்கப்பும் பூட்டப்பட்ட அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தது.

அவர்களில் ஒருவர் நடந்ததை ட்விட்டரில் வரிசையாக எழுதினார். ஆயிரக்கணக்கானோர் அதைப் பகிர்ந்த பிறகு நிறுவனத்தின் மேல்மட்டம் தலையிட்டது, கணக்கு திறந்தது. எந்தெந்த இடத்தில் தவறினோம் என்று டிஜிட்டல் ஓஷன் பின்னர் விளக்கமாக ஓர் அறிக்கை வெளியிட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. ட்விட்டரில் அவருக்கு யாரும் காது கொடுத்திருக்காவிட்டால்?

எதிர்த்திசையிலும் ஆபத்து இருக்கிறது. கஸ்டமர் கேர் ஊழியர் அளவுக்கு மீறி இரக்கம் காட்டினால், இழப்பு கணக்கின் உண்மையான சொந்தக்காரருக்கு. 2014 ஜனவரியில் டொமைன் பதிவாளரான கோடாடி நிறுவனத்துக்குப் போன் செய்த ஒருவன், வேறொருவருடைய கணக்கைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டான். கிரெடிட் கார்டின் கடைசி நான்கு எண்கள் அவனிடம் இருந்தன. மிச்சம் தேவைப்பட்ட எண்களை ஊகித்துச் சொல்ல ஊழியர் அனுமதித்தார் என்று பிறகு அவனே பாதிக்கப்பட்டவருக்கு எழுதினான். கணக்கு கைமாறியது. டொமைன்களைப் பிணையாக வைத்து, அவர் வைத்திருந்த ஓரெழுத்து ட்விட்டர் பெயரையும் மிரட்டிப் பறித்தான். தங்கள் ஊழியர் ஏமாற்றப்பட்டதை கோடாடி ஒப்புக்கொண்டது. அடையாளச் சான்று கேட்டு டிக்கெட்டை இழுத்தடிக்கும் ஊழியர்மேல் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தச் சான்றைக் கேட்காமல் விட்டதால் வந்த வினை இது.

தவறு நடந்த பிறகு நிறுவனம் எப்படிப் பேசுகிறது என்பதும் சேவையின் ஒரு பகுதிதான். 2008 ஜனவரியில் டிரீம்ஹோஸ்ட் நிறுவனத்தின் பில்லிங் நிரலை இயக்கியவர் தேதியில் ஆண்டைத் தப்பாகத் தட்டிவிட, வாடிக்கையாளர்களின் கார்டுகளில் இல்லாத பாக்கிக்கெல்லாம் சேர்த்து 75 லட்சம் டாலர் பிடித்தாகிவிட்டது. பணத்தைத் திருப்பினார்கள். ஆனால் முதல் அறிவிப்பில் ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் படத்தைப் போட்டு விளையாட்டுத் தொனியில் எழுதியிருந்தார்கள். வங்கிக் கணக்கு காலியாகி வாடகைக்குத் தவித்த மனிதருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? பிழையைவிட அந்தத் தொனிதான் பலருக்கு ஆறவில்லை.

மென்பொருள் எழுதுபவர்களின் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கிட்லாப் நிறுவனம் வேறு மாதிரி நடந்துகொண்டது. 2017 ஜனவரி 31 இரவு, களைத்திருந்த பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி டேட்டாபேஸ் சில நொடிகளில் போய்விட்டது. ஐந்து வகை பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள்; திறந்து பார்த்தால் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேறொரு காரியத்துக்காக யாரோ ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்திருந்த பிரதிதான் கைகொடுத்தது. இத்தனையையும் நிறுவனம் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். வேலைக் குறிப்புகளை எல்லோரும் படிக்கத் திறந்துவைத்தார்கள். சில மணி நேரத்து உழைப்பை இழந்த வாடிக்கையாளர்களே ஆறுதல் சொல்லி எழுதினார்கள்.

சரி, நல்ல நிறுவனத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி? 'சிறந்த பத்து ஹோஸ்டிங்' என்று தேடினால் வரும் பட்டியல்கள் பெரும்பாலும் கமிஷனில் வாழ்பவை. அவற்றில் உள்ள சுட்டி வழியாக ஒருவர் வாங்கினால் எழுதியவருக்குப் பல டாலர்கள் கிடைக்கும். அதிகக் கமிஷன் தரும் கம்பெனி பட்டியலில் மேலே ஏறுவதில் வியப்பில்லை. இன்னொரு சிக்கல், வேறு வேறு கம்பெனி என்று நினைத்து ஒப்பிடும் பெயர்களின் முதலாளி ஒருவராகவே இருக்கலாம். எண்டூரன்ஸ் என்ற அமெரிக்கக் குழுமம் புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், ஐபேஜ் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. 2014இல் மும்பையின் டைரெக்டி குழுமத்திடமிருந்து பிக்ராக், ரீசெல்லர்கிளப் ஆகியவையும் அதன் கைக்குப் போயின. 2021இல் அது வேறொரு நிறுவனத்தோடு இணைந்து நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆனது. புளூஹோஸ்ட் சரியில்லை என்று ஹோஸ்ட்கேட்டருக்கு மாறியவர் அதே வீட்டின் இன்னொரு அறைக்குத்தான் போயிருக்கிறார். 2013 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ப்ரோவோ நகர டேட்டா சென்டரில் நெட்வொர்க் கோளாறு ஏற்பட்டபோது புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், ஹோஸ்ட்மான்ஸ்டர், ஜஸ்ட்ஹோஸ்ட் என்று நான்கு பிராண்டுகளின் தளங்களும் ஒரே நாளில் முடங்கின.

99.9 சதவீத அப்டைம் உத்தரவாதம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முப்பது நாள் மாதத்தில் 43,200 நிமிடம். அதில் 43 நிமிடம் தளம் நின்றாலும் நிறுவனம் வாக்குத் தவறவில்லை. ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம். அதைத் தாண்டினால் நஷ்ட ஈடு உண்டு, ஆனால் கட்டிய கட்டணத்தின் அளவில்தான். மாதம் 300 ரூபாய் கட்டும் கடையின் தளம் தீபாவளிக்கு முந்தின நாள் முழுக்க நின்றுபோனால், நாள் கணக்குப்படி திரும்ப வருவது 10 ரூபாய். நழுவிப்போன ஆர்டர்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருக்கும். முதல் ஆண்டு விலையைப் பார்த்துச் சேர்ந்தவர்களுக்கு ரின்யூவலில் தொகை இரண்டு, மூன்று மடங்காவதும் சாதாரணம். அதுவும் எங்கோ சின்ன எழுத்தில் இருந்திருக்கும்.

இழப்பின் முழு அளவையும் உலகம் பார்த்தது பிரான்ஸில்.

2021 மார்ச் 10, நள்ளிரவு கடந்து 12.47. ஜெர்மன் எல்லையை ஒட்டி, ரைன் நதிக்கரையில் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று அது. நூற்றுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடினார்கள். எஸ்பிஜி2 என்ற ஐந்து மாடிக் கட்டடம் முழுதாக எரிந்துபோனது. பக்கத்துக் கட்டடமான எஸ்பிஜி1இல் பன்னிரண்டில் நான்கு அறைகள் போயின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 4,64,000 டொமைன்களின் கீழ் இருந்த 36 லட்சம் தளங்கள் இணையத்திலிருந்து மறைந்ததாக, தளங்களைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பாரிஸின் பாம்பிடு கலை மையத்தின் தளமும் பிரெஞ்சு அரசின் தரவுத் தளமும் அவற்றில் இருந்தன. 'ரஸ்ட்' என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனம் தன் 25 ஐரோப்பிய சர்வர்களை இழந்தது; அவற்றில் இருந்த விளையாட்டுப் பதிவுகள் திரும்பவே இல்லை.

நிறுவனர் ஒக்டாவ் கிளாபா அந்த இரவே ட்விட்டரில் வந்தார். தீ, கட்டடம், மின்சாரம் என்று ஒவ்வொன்றாகத் தகவல் சொன்னார். வாடிக்கையாளர்கள் தங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைச் செயல்படுத்துமாறு பரிந்துரைத்தார். வெளிப்படையாகப் பேசியதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படித்தவர்களில் எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு திட்டம் தங்களிடம் இருக்க வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சர்வர் வாங்கினால் பேக்கப்பும் அதோடு சேர்ந்தது என்று நம்பியிருந்தார்கள். அது தனி விலைக்கு விற்கும் சேவை.

தனியாகக் காசு கொடுத்து வாங்கியவர்களும் தப்பவில்லை என்பதுதான் இதில் கொடுமை. வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று தானியங்கி பேக்கப்புக்குப் பணம் கட்டியிருந்தது. சர்வர் இருக்கும் கட்டமைப்பிலிருந்து தனியாகப் பிரித்துப் பிரதி வைக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னது. எரிந்த பிறகு பார்த்தால் பிரதிகளும் அதே இடத்தில் இருந்து அதே தீயில் போயிருந்தன. இது எதிர்பாராத பேரிடர், பொறுப்பு எங்களுடையது அல்ல என்று ஓவிஎச் வாதாடியது. லில் நகர வணிக நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீயிலிருந்தும் காப்பதற்காகத்தானே பேக்கப் என்று கேட்டு, ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தரும்படி 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்தக் கட்டடத்தில் தானாக நீர் தெளித்துத் தீயை அணைக்கும் வசதி இல்லை, மொத்த மின்சாரத்தையும் ஒரே இடத்தில் துண்டிக்கும் சுவிட்ச் இல்லை, கூரைத்தளத்தில் மரம் இருந்தது என்பதெல்லாம் உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் அறிக்கையில் வெளிவந்தன. வாடிக்கையாளர் எந்த டிக்கெட் போட்டும் தெரிந்துகொண்டிருக்க முடியாத விவரங்கள் இவை.

தீ மட்டுமல்ல. 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் நிறுவனம் சர்வர்களை ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கியது. சர்வர்களும் பேக்கப்புகளும் ஒரே உள் நெட்வொர்க்கில் எட்டும் தூரத்தில் இருந்ததால் இரண்டும் பூட்டப்பட்டன. பெரும்பாலான வாடிக்கையாளர்கள் தங்களிடம் வைத்திருந்த எல்லாவற்றையும் இழந்துவிட்டார்கள் என்று நிறுவனமே அறிவித்தது.

மறுபக்கத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம். 2024 மே மாதத் தொடக்கத்தில், கூகுள் கிளவுடில் முன்பு நடந்த ஓர் அமைப்புப் பிழையால் அந்த நிதியத்தின் தனிக் கிளவுட் அமைப்பு அழிந்தது. ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால், குறிப்பிட்ட காலம் முடிந்ததும் தானாக அழியும்படி அது பதிவாகியிருந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் கணக்கைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள். ஆனால் நிதியம் வேறொரு நிறுவனத்திடமும் பிரதி வைத்திருந்தது. மீட்புக்கு அது பெரிதும் உதவியது.

சிறு கடைக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை தளத்தையும் டேட்டாபேஸையும் இறக்கி, ஹோஸ்டிங் நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வைத்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பிரதியை எடுத்து வேறிடத்தில் தளத்தை நிறுவிப் பார்க்க வேண்டும். கிட்லாப் போன்ற கெட்டிக்காரர்களே தவறவிட்டது இந்தச் சோதனையைத்தான். மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டுவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு சாட்டில் ஒரு நுட்பமான கேள்வி கேட்கலாம்: என் பேக்கப் எந்த ஊரில் இருக்கும்? அதைத் திருப்பித் தரக் கட்டணம் உண்டா? விற்பனை ஊழியரை விட்டு, சப்போர்ட் ஊழியரிடமே இதைக் கேட்பது நல்லது.

டிக்கெட் போடும்போது 'சைட் ஓடவில்லை' என்று ஒரு வரி எழுதினால் முதல் நிலை ஊழியரின் தயார் பதில்தான் வரும். எந்த நேரத்திலிருந்து, எந்தப் பக்கத்தில், 500, 503, 508 என்று என்ன பிழை எண்ணோடு, கடைசியாக எதை மாற்றிய பிறகு என்று நான்கும் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினால் அது மேல்நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

டொமைன் விஷயத்தில் நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி காணும் ஆபத்து ஒன்று உண்டு. பெயர், தளத்தைச் செய்துகொடுத்த டிசைனரின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். ரின்யூவல் நினைவூட்டல்கள் அவருக்குப் போகும். அவர் தொழிலை விட்டிருப்பார், அல்லது போன் எண்ணை மாற்றியிருப்பார். டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும். ஆனால் பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான். டாட் காம் பெயர் காலாவதியாகிப் பதிவாளர் அதை அழித்துவிட்டால், அதன்பின் 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் கடந்தால் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் நுழைந்து உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் இன்றே சரிபார்ப்பதற்குக் காசு செலவில்லை. சேவை பிடிக்காமல் வேறு பதிவாளருக்கு மாற நினைத்தால் அதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடைக் கேட்கலாம். டாட் காம் போன்ற பெயர்களுக்கு, கேட்ட ஐந்து நாளுக்குள் பதிவாளர் அதைக் கொடுத்தாக வேண்டும்.